முந்நூற்று நாற்பது கிராம்

பீல் ஸ்டேஷன், நாலாம் பிளாட்போம்.
ரயில் எடுக்க இரண்டு நிமிடம் இருக்க
சாருஜா ஒரு கடித உறையை என் கையில் திணித்தாள்.
"நானும் பாக்கேல்ல, துவாரகனும் பாக்கேல்ல.
நீங்கள் மட்டும் பாருங்கோ அக்கா,
பாத்திட்டுக் கேக் அடியுங்கோ.
உள்ளுக்க நிறம், வெளியில வெள்ளை."
கதவு மூடியது.
கண்ணாடிக்குப் பின்னால் உதட்டில் ஒரு விரல்.

கேக் என்று முடிவாவதற்குள்
எத்தனை யோசனை பறந்தது அவர்கள் வாட்ஸப்பில்!
வர்ணப் புகை என்றான் துவாரகன்.
காடு காய்ந்து கிடக்கிறது, தீப்பொறிக்கும் தடை
என்று நகரசபை நோட்டீஸ் ஒட்டியிருந்தது.
ஏரிக்கரையில் நூறு பலூன் என்றாள் தங்கச்சி.
அன்னம் விழுங்கிச் செத்தால் ஆர் பதில் சொல்வது?
மாமியின் யோசனைதான் எனக்குப் பிடித்தது:
பெரிய சட்டி நிறைய இடியப்பம்,
மேலே வாழையிலை மூடி,
பெட்டை என்றால் பீட்ரூட், பெடியன் என்றால் சங்குப்பூ.
"நீல இடியப்பத்தை ஆர் தின்னிறது?"
என்று சித்தப்பா ஒருவர் எழுதியதோடு
அதுவும் அவிந்து போயிற்று.
ஏன் நீலம் ஆணுக்கு என்று
துவாரகனோடு வேலை செய்யும் சிமோன் கேட்டாள்.
கண்ணனும் நீலம், நீலியும் நீலம்தான் என்று எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.

இரவு பத்து மணி.
பகலெல்லாம் முதியோர் இல்லத்தில் கரட் மசித்த கை
உறையைக் கிழித்தது.
ஒரு ஜெர்மன் சொல். வாசித்தேன்.
அதற்குக் கீழே
எவரும் என்னிடம் கேட்காத இன்னொரு வரி:
எடை, ஏறத்தாழ முந்நூற்று நாற்பது கிராம்.

தராசில் வெண்ணெய் வைத்தேன்.
கேக்குக்கு வேண்டியது இருநூற்றைம்பது.
இன்னும் கொஞ்சம் வெட்டி வைத்தேன்.
இன்னும் ஒரு சீவல்.
முந்நூற்று நாற்பதில் எண் நின்றது.
எடுத்து உள்ளங்கையில் ஏந்தினேன்.
குளிர்ந்தது, பிறகு இளகத் தொடங்கியது.
இவ்வளவுதானா.
இவ்வளவா.

குசினி வாசலில் இவர் வந்து நின்றார்.
"என்னவாம், பெடியனோ பெட்டையோ?"
வெண்ணெய் என்றேன்.

மிச்சத் தொண்ணூறைத் திரும்ப வெட்டி எடுக்கக்
கத்தி கொஞ்சம் தயங்கியது.

மறுநாள் மாமி போன் எடுத்தா.
"சங்கிலிக்கு ஓடர் குடுக்க வேணும் பிள்ளை,
சும்மா ஒரு சாடை காட்டன்."
இன்னும் பிரிக்கேல்ல என்று பொய் சொன்னேன்.
அந்தச் சொல்லை மூன்று நாள்
அதிகாலை பஸ்ஸில் கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்தேன்,
கரையட்டும் என்று விட்ட தோடம்பழ இனிப்புப் போல.

சனிக்கிழமை. லீஸுக்குப் போகும் ரயில்.
மடியில் கேக் பெட்டி, இரண்டு கையாலும் பிடித்தபடி.
டிக்கெட் பார்க்க வந்தவர் குனிந்து கேட்டார்:
"பிறந்தநாளா?"
இன்னும் இல்லை என்றேன்.

பள்ளிக்கூட மண்டபம். முப்பது போன்கள் உயர்ந்தன.
கத்தி இறங்கியது. ஒரே கூச்சல்.
மாமி கைதட்டினா, உடனே நகைக்கடைக்குப் போன் போட்டா.
சிமோன் அழுதாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.
இரண்டாம் துண்டு கேட்டார் சித்தப்பா,
நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கோட்டுகள் தொங்கும் மூலையில் சாருஜா என்னைப் பிடித்தாள்.
"அக்கா, அந்தத் துண்டு இருக்கோ?"
இருந்தது. வெண்ணெய் ஊறி
மேல்வரி மங்கிப் போயிருந்தது.
கீழ்வரியை வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.
"இது எவ்வளவு அக்கா? கையில எப்படி இருக்கும்?"

பக்கத்து மேசையில் அப்ரிகொட் பழங்கள்.
அவள் உள்ளங்கையில் ஒன்று வைத்தேன்.
இரண்டு. மூன்று.
ஐந்தில் ஒன்று உருளப் பார்த்தது,
மற்றக் கையையும் கீழே கொடுத்தாள்.
ஏழோடு நிறுத்தினேன்.

மண்டபத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்,
படம் எடுக்க.
அவள் அசையவில்லை.