வாவிக்கு மேலே ஒன்றேகால் கிலோமீற்றர்

கொள்ளுப்பிட்டியில் பன்னிரண்டாம் மாடியில் ஒரு கண்.
யூனியன் பிளேசில் ஒன்பதாம் மாடியில் மற்றது.
நடுவில் பேர வாவி,
பாசிப் பச்சைத் தண்ணீர்,
மணித்தியால வாடகைக்கு அன்னப் படகுகள்.
மிதிக்கிற சோடிகள் யாருக்கும் தெரியாது
தலைக்கு மேலால் ஒருவரின் மூளை
வெள்ளையும் சாம்பலுமாய்க்
கடந்து போகிறதென்று.

அங்கே ஸ்கான் எடுப்பார்கள்.
இங்கே டொக்டர் வாசிப்பார்.
கேபிள் புதைக்க வீதியைக் கிண்டும் அனுமதி
பதினான்கு மாதமாய் ஏதோ மேசையில்
ஒரு கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது.
அதனால் லேசர்.

லேசர் ரோசக்காரன்.
ஜனவரி விடியலில் வாவி விடுகிற மூச்சு
கொஞ்சம் வெள்ளையாய் எழும்பினாலே போதும்,
முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
தினமும் ஆறு மணிக்குச் சற்று முன்
இணைப்பு ஒருதரம் கண் சிமிட்டியது.
இரண்டு கிழமை பதிவேட்டைத் துருவினேன்,
மென்பொருளைத் திட்டினேன்.
பிறகு மேலே போய்ப் பார்த்தால்
கூழைக்கடாக்கள்,
தீவு மரத்துக்கு வீடு திரும்புகின்றன,
அவசரமே இல்லாமல்.

அதே கம்பத்தில், அவனுக்கு ஒரு முழம் கீழே,
வாளி மூடி போல ஒரு வெள்ளைத் தட்டு:
ரேடியோ.
கொண்டுபோவது பத்தில் ஒரு பங்கு.
புகாரோ பறவையோ பொருட்டில்லை.
ஆனால் ஐப்பசி மழை?
அதன் அலை நாலு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு,
அந்த மழையின் தடித்த துளியும் அதே அளவு.
தன் அளவில் வருகிற ஒன்றிடம்தான்
அது தோற்கிறது.

புகாருக்கு இது, மழைக்கு அது.
தாளில் இவ்வளவுதான்.
கொழும்பு தாளில் பெய்வதில்லை.

போன வருடம் ஒரே இரவில்
மாற்றுப் பெட்டி நானூற்றுப் பதினேழு தரம் மாறியது,
ஒளிக்கும் அலைக்கும் நடுவே
வாசலில் நின்று செருப்பைக் கழற்றி மாட்டுகிறவன் மாதிரி.
ஸ்கான் கண் மட்டம் வரை வந்து நின்றது.
"மிச்சத் தலை எங்கே பிள்ளை?"
டொக்டர் தொலைபேசியில்.

அதற்குப் பிறகுதான் அந்த விதியை எழுதினேன்:
ஒளி திரும்பி வந்தாலும் உடனே போகாதே.
முப்பது விநாடி பார்.
நிற்கிறதென்றால் போ.
கைபேசியில் ஒரு பெயர் ஒளிர்ந்தபோதெல்லாம்
முதல் விநாடியிலேயே போனவள் நான்.
பெட்டிக்காவது புத்தி இருக்கட்டும்.

நேற்று இரண்டும் ஒன்றாய்ச் சோர்ந்தன.
மழைக்குப் பின்னால் மழை,
அதற்குள் புகை போல ஏதோ.
காற்றில் லேசரின் தாங்கி அரைப் பாகை விலகியிருந்தது.
இடி நேரம் கூரையில் நிற்கக் கூடாது, தெரியும்.
காலி வீதியில் சறுக்கிய முச்சக்கரவண்டிக்காரர்
மேசையில் கிடந்தார், அதுவும் தெரியும்.

இரண்டிலும் அனுப்பு என்றேன் பெட்டிக்கு.
ஒரே செய்தியை ஒளியிலும் அலையிலும்.
முழுசாய் வருவதை எடு,
இரண்டும் உடைந்தால்
உடைந்ததை உடைந்ததோடு பொருத்திப் பார்.

அந்தக் கூரையில் துலாஜ்.
கையில் வோக்கி, வோக்கியில் பாதி இடி.
அவன் பாஷை எனக்கு அரைவாசி,
என்னுடையது அவனுக்குக் கால்.
"இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்கிறேன்.
"வமட்டத?" என்கிறான்.
வமட்ட, வமட்ட, இடம், உன்ட இடக்கை,
வாயில் வந்ததையெல்லாம் கத்துகிறேன்.
ஏதாவது ஒன்று போய்ச் சேரும்.

மின்னல்.
பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து
முதல் எழுத்துத் தின்னப்பட்ட ஒரு சொல்:
"...ரி."

ஹரியா, சரியா?
எந்தப் பாஷையில் சொன்னானோ,
நான் கேட்க வேண்டியது வந்துவிட்டது.

நனைந்த திரையில் டெசிபெல் ஏறியது.
உச்சந்தலையில் தொடங்கி
நெற்றி, கண், தாடை என்று
அந்த மனிதர் முழுசாய் வாவியைக் கடந்தார்,
அலையில் பாதி, ஒளியில் பாதி.

லேசர் திரும்பி வந்திருந்தது.
பெட்டி நம்பவில்லை,
முப்பது விநாடியை எண்ணத் தொடங்கியது.
மழையில் நானும்.