பன்னிரண்டாவது தண்டவாளம்

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்க
கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே வரும்
பிஸ்கட் தகரம். அதற்குள் எங்கள் கோச்சி.

வளைவுத் தண்டவாளம் பன்னிரண்டு.
இருப்பது பதினொன்று.
ஒன்றை யூஜின் கொண்டுபோனான்,
சண்டை பிடித்துக்கொண்டு கனடா போன வருசம்.

அதனால் பாலன் குடிலைச் சுற்றி வருகிற கோச்சி
இடையர்களைத் தாண்டியதும்
வெறும் நிலத்தில் இறங்கி உறுமும்.
அந்த இடைவெளியில் ஒரு ஆள் இருக்கவேணும்,
தூக்கி மறுபக்கம் வைக்க.
அப்பா இருந்தார். பிறகு நான்.
இப்ப றோசெல், ஆறு வயசு,
வாயில் விசிலோடு.

கடலோரம் மாத்தறைக் கோச்சி போகையில்
யன்னல் கண்ணாடி நடுங்கும்.
மூன்று ராசாக்களில் ஒருவர் எப்போதும் விழுவார்.

இந்த முறை பார்சல் வந்தது.
கடிதம் இல்லை. பழைய சொக்ஸுக்குள்
ஒரு துண்டுத் தண்டவாளம்.

பொருத்தினேன். பொருந்தியது.
கோச்சி நிற்காமல் சுற்றியது,
நாலு, ஒன்பது, பதினேழு சுற்று.
ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால்
றோசெல் அந்தத் துண்டைக் கழற்றித்
தொடைக்குக் கீழே ஒளித்துவிட்டு
விசில் ஊதுகிறாள்.

வந்து சேர்ந்தது என்று மட்டும்
யூஜினுக்கு அனுப்பினேன்.