சாக்கில் தங்கிய இலை

ஜனவரி.
கட்டபெட்டு இறக்கத்தில்
பைப்புத் தண்ணீர் உறைந்து நின்றுவிட்ட இரவு.
எனக்கு வியர்க்கிறது.

பாதம் இரண்டும் பனிக்கட்டி.
நெஞ்சுக்குள் யாரோ விறகு தள்ளுகிறார்கள்.
போர்வையை உதறினால் நடுக்கம், இழுத்தால் கொதிப்பு.
பவளக்கொடி திரும்பிப் படுக்கிறாள்.
அவள் மூச்சு ஒரு பள்ளத்தில் இறங்கி
அவசரமில்லாமல் ஏறி வருகிறது.
எண்ணுகிறேன்: நிமிடத்துக்குப் பதிமூன்று.
என் மணிக்கட்டில் நாடி எண்பத்தெட்டு.
மூச்சையும் நாடியையும் ஒப்பிடக் கூடாதென்று தெரியும்.
ஒப்பிடுகிறேன்.

எல்லாம் கேட்கிறது.
பக்கத்து லைனில் ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்குவது.
கூரைத் தகரம் குளிரில் சுருங்குவது.
முட்டைக்கோஸ் பாத்தியில் காட்டுமாடு
ஒரு தலையை வேரோடு பிடுங்கி,
மண்ணை உதறாமலே மெல்லுவது.
நாய்க்குக் கேட்கவில்லை.
காவலுக்கென்று சோறு போட்டு வளர்க்கும் நாய்.

கோயம்புத்தூரில் ஓர் இரவு
மண்டையிலும் கெண்டைக்காலிலும் ஒயர் ஒட்டிப்
படுக்கவைத்தார்கள்.
காலையில் டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார்:
"அஞ்சு மணி நேரம் தூங்கியிருக்கீங்க, சவரிநாதன்."
இல்லை சார்.
மூணு மணிக்கு உங்க பையன் பிஸ்கட் பாக்கெட் பிரிச்சார்.
அப்புறம் போனில் ஒரு மஞ்சுளாகிட்ட மன்னிப்புக் கேட்டார்.
ரெண்டு தடவை.
கதவோரம் நின்ற பையன் தரையைப் பார்த்தான்.
டாக்டர் மறுபடி தாளைப் பார்த்தார்.
"தூக்கம் வருது உங்களுக்கு.
உடம்புதான் ட்யூட்டியை விட்டு இறங்க மாட்டேங்குது."

அப்படியானால்
அந்த ஐந்து மணி நேரம் தூங்கியது யார்?
மேட்டுப்பாளையம் தாண்டிக்
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
அவனைத் தேடினேன்.
பஸ்ஸில் எல்லோரும் தூங்கினார்கள்.
கண்டக்டர்கூட.

பத்தொன்பது வருஷமாக இலை நிறுக்கிறேன்.
லாரி வராத நாளில்
சாக்குகள் ஷெட்டிலேயே தங்கிவிடும்.
விடியலில் உள்ளே கை விட்டால் சுடும்.
பறித்துப் பகல் ஒன்று போயும்
செடி விட்டுப் போனது தெரியாமல்
மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும் இலை.
தன் சூட்டில் தானே சிவக்கும்.
ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள்.
அதட்டி ஆறவைத்த இலையை நான் பார்த்ததில்லை.
கட்டவிழ்த்துத் தரையில் கொட்டி
விரலால் கோதிவிடுவேன்.
அவ்வளவுதான் வைத்தியம்.
சில சாக்கு தப்பும்.

எழுந்துபோய்
சமையல்கட்டுச் சிமெண்டுத் தரையில்
சட்டையைக் கழற்றி, கை கால் அகற்றிப் படுத்தேன்.
முதுகில் குளிர் ஏறியது. நாடியை எண்ணவில்லை.
எண்ணாமலிருப்பதை எண்ணினேன்.

விளக்கு எரிந்தது.
"விழுந்துட்டீங்களா?"
இல்ல. பரப்பி வெச்சிருக்கேன்.

பவளக்கொடியும் இலை பறிப்பவள்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
போர்வையைக் கொண்டுவந்து
பாதத்தில் மட்டும் போட்டாள்.
விளக்கை அணைத்தாள்.

மணி மூன்று ஐம்பது.
காட்டுமாடு அடுத்த பாத்திக்குப் போய்விட்டது.