காய்ச்சி வடித்த நீர்

விதீன் ஊரில், தன்யூப் கரையில்,
சந்தைக்கு முந்தின இரவு
ஸ்வெத்லின் எலுமிச்சையைப் பிழிந்தான்.
பத்து நிமிடம் என்று கணக்கு.
தம்பி தொலைபேசியில் அழைத்தான்; நாற்பதாயிற்று.

அலசி எடுத்தால்
பச்சைக் குழந்தைபோல் சிவந்த செம்பு.
மூக்கு இல்லை, எழுத்து இல்லை.
யாரோ ஓர் அரசன் இருந்த இடம்
வழுக்கியது.

"அழுக்கென்று நினைத்தீர்களா?" என்றார்
விலை கேட்க வந்த லின்ஸ் நகரத்துக்காரர்,
லென்ஸை மடித்தபடி.
"அது தோல்."

பிறகு அவன் எதையும் தொடவில்லை.
உழவுச்சாலில் கிடந்தபடியே வாங்கி
கிடந்தபடியே பெட்டியில் அடுக்கினான்.
கைகட்டி நிற்பதும் ஒரு பக்தி என்றிருந்தான்.

மார்ச்சில் பெட்டியைத் திறந்தபோது
ஒரு காசின் தாடையில்
வெளிர்பச்சைப் பொடி, மாவு சிந்தியதுபோல்.
ஊதினான்.
அடியில் குழி.

கெட்டிக் கரும்பச்சை காக்கும்;
இந்தப் பொடிப்பச்சை தின்னும்.
இரண்டுக்கும் களிம்பு என்று ஒரே பெயர் வைத்தால்
எந்த வைத்தியன் என்ன செய்வான்?

தில்யானா மருந்துக்கடையிலிருந்து
காய்ச்சி வடித்த நீர் கொண்டுவந்தாள்.
ஊறுகாய்ப் புட்டிக்குள் காசு,
சன்னலோரம், தக்காளி நாற்றுக்குப் பக்கத்தில்.
ஞாயிறுதோறும் நீரை மாற்றினார்கள்.
ஏழாம் ஞாயிறு, அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி,
ரோஜா முள்ளால்
மணல் மணலாக.

ஒரு காது வந்திருக்கிறது.
காதுக்குப் பின்னே
தலைநாடாவின் முடிச்சு.
"கண்ணும் அங்கேதான் இருக்கும்" என்கிறான்.
இருக்கலாம்.

முள்ளைக் காணவில்லை.
தில்யானா மிளகாய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்,
திரும்பிப் பார்க்காமல்.