மூச்சு விடவில்லை

"புகைப்பதுண்டா?" என்று கேட்டது படிவம்.
"இல்லை" என்றான்.
அது பொய்யுமில்லை.
எதையும் அவன் கொளுத்தியதில்லை, சாம்பல் தட்டியதில்லை.
பாலாடைக்கட்டி ஆலையின் நீலத் தொப்பியைக்கூடக் கழற்றாமல்
ஓடிவந்திருந்த அம்மா டார்லா
மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்னாள்:
என் கார்சன் அதையெல்லாம் தொடமாட்டான்,
ஹாக்கி ஆடுகிறவன்.

விஸ்கான்சினில் அக்டோபர்.
ஏரியைத் தாண்டி வருகிற காற்றுக்குப் பஞ்சமே இல்லை,
கார் கதவைத் திறக்கவிடாது.
உள்ளே, நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர்,
சூடாக்கி, ஈரமாக்கி,
அவன் மூக்குக்குள் நான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.
விரல்நுனியில் சிவப்பு வெளிச்சம்.
எண்பத்தேழு. எண்பத்தொன்பது. எண்பத்தாறு.

நான் மருத்துவரில்லை.
சுவாசப் பிரிவு, இரவுப்பணி.
குழாய், முகமூடி, நீர்ப்புட்டி, அலாரம்.

வாந்தியோடு முதலில் வந்தபோது
வயிற்றுக் கோளாறு என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
அடுத்து நிமோனியா என்று இரண்டு ஆண்டிபயாடிக்.
கிருமி தேடப் போன பரிசோதனை ஒவ்வொன்றும்
கைவிரித்துக்கொண்டு திரும்பி வந்தது.
ஸ்கேனில் இரண்டு நுரையீரலும்
குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி:
அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள்,
யாரென்றுதான் தெரியவில்லை.

டாக்டர் ஃபென்ஸ்கி
டார்லாவைக் காபிக்கு அனுப்பிவிட்டு
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
"போலீஸுக்குச் சொல்லமாட்டேன். கோச்சுக்கும்தான்.
எதை இழுத்தாய், யாரிடம் வாங்கினாய்?"
பையன் கூரையைப் பார்த்தான்.
மூச்சு விடவில்லை.
எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றேகால் மணிக்கு
குப்புறப் படுக்கச் சொன்னேன்,
முதுகுப்பக்க நுரையீரலும் கொஞ்சம் வேலை செய்யட்டும் என்று.
பத்தொன்பது வயது முதுகு,
தோளில் மட்டையடி பட்ட பழைய தழும்பு.
தலையணையில் ஒரு கன்னம் அழுந்தியபடியே
போனை எடுத்துத் தட்டி
என் பக்கம் திருப்பினான்:

வேட். எங்க கோல்கீப்பர்.
அவனுக்கு நான்தான் வித்தேன், அதே டப்பாலேர்ந்து.
நேத்து ராத்திரிலேர்ந்து வாந்தியாம்.

முதலில் எழுதியது தன்னைப் பற்றியில்லை என்பது
எனக்கு அப்புறம்தான் உறைத்தது.
அதன் கீழே, தனி வரியில்:
ஹாக்கிப் பை. இடது ஸ்கேட்டுக்குள்ள.

டாக்டரை எழுப்பினேன்.
வேட்டின் வீட்டில் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.
நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்திருக்கும் வீடு.
"வயித்துக் கடுப்புதானே" என்றார் அவன் அப்பா,
பின்னால் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.
பத்து நொடி மௌனம்.
பிறகு லாரி கிளம்பும் சத்தம்.

டார்லா அந்தச் சாதனத்தை
ஆலையின் கையுறையிலேயே சுற்றிக் கொண்டுவந்தாள்.
கட்டைவிரல் நீளம். உள்ளே தேன்நிற எண்ணெய்,
பெயரில்லாத லேபிள்.
முகர்ந்து பார்த்து, "மாம்பழம்" என்றாள்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு கேட்கும் என்கிறார்கள் என்றார் ஃபென்ஸ்கி.
யார் என்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
அந்த மாதம் எல்லாருமே
ஒருவரை ஒருவர் போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கேட்டது.
ஐம்பது லிட்டர் முப்பதானது, பத்தானது,
ஒன்பதாம் நாள் வெறும் காற்று.
படிவத்துக் கேள்வியின் கீழே பேனாவால்
இன்னொரு கேள்வி எழுதிப்போட்டேன்;
அச்சடித்ததை மாற்ற ஜனவரி ஆகும் என்றாள் அலுவலகக்காரி.

வீட்டுக்கு அனுப்புமுன் நடத்திப் பார்க்கவேண்டும்.
ஆறு நிமிடம், வராந்தாவில், விரலில் கிளிப்போடு.
தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று நான்கு.
ஏழாம் அறைக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டான்.
உள்ளே வேட்டின் மூச்சை
இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது,
நிமிடத்துக்கு இருபத்திரண்டு, ஒன்றுகூடத் தவறாமல்.

தொண்ணூற்றிரண்டு. தொண்ணூறு.
குழாயைத் தேடி என் கை போனது.
அப்புறம்தான் பார்த்தேன்,
நெஞ்சு அசையவே இல்லை,
பிடித்துவைத்துக்கொண்டிருந்தான்.

"விடு, கார்சன்" என்றேன்.
"விடு."