புறங்கை

பள்ளத்தூரில் தம்பி கல்யாணம்.
கோட்டையடுப்பில் மிளகாய் கருகி
இரண்டாங்கட்டு முழுக்கப் புகை.
எல்லோரும் இருமிக்கொண்டே சிரிக்கிறார்கள்.

நான் மட்டும் குனிந்து நடக்கிறேன்,
நனைத்த தலைப்பை மூக்கில் அழுத்தி.
ஆத்தங்குடிப் பூக்கல்
முகத்துக்கு நெருங்கி வருகிறது.

சாமான் அறைக் கதவை
உள்ளங்கையால் தொடவில்லை. புறங்கையால்,
கீழிருந்து மேலாக.
தேக்கு குளிர்ந்துதான் இருந்தது.

"ஏன்டி உமையா, பேய்கீய் பிடிச்சிருக்கா?"
பங்காளி வீட்டு அழகம்மை.

பதினேழு நாளுக்கு முன்
முப்பத்தாறாயிரம் அடியில்
பின்பக்கக் கழிப்பறைக் கதவு சுட்டது.
குப்பியின் மூக்கு நுழையுமளவு திறந்து
அடித்தேன், மூடினேன், எண்ணினேன்.
முதுகுக்குப் பின்னால் நூற்றெழுபத்திரண்டு பேர்.
ஒருவர் காப்பி கேட்டார்,
சர்க்கரை இல்லாமல்.

கொடுத்தேன்.
அதைத்தான் இன்னும்
யாரிடமும் சொல்லவில்லை.