ஈரக் கை

மன்சனீயோ துறைமுகத்தில்
கப்பல் நின்ற ராத்திரியைப்
பதினோரு வருசமாய்ச் சொல்லிவந்தேன் ஜெசிந்தாவிடம்.
தள்ளுவண்டி, சோள ரொட்டி,
எலுமிச்சை பிழிந்த பெண்ணின் ஈரக் கை.

நேற்று செட்டிகுளத்தில் புதுக்கடை.
சுவரில் அகலத் தொப்பி, பிளாஸ்டிக் கள்ளி.
மடித்த மைதாவுக்குள்
முட்டைக்கோசும் மயோனைசும்
தித்திக்கிற தக்காளி சாஸும்.
அறுநூற்று நாற்பது, வரி தனி.

"இதுதானாக்கும்?" என்றாள்.
குரலில் கேலி இல்லை,
அதுதான் வலித்தது.

குளச்சல் கடைசி பஸ்சில்
ஜன்னலோரம் உறங்கிவிட்டாள்.
வீட்டில்
மிச்சச் சாளைக்கறி, ஆறிய மரச்சீனி.
காந்தாரி மிளகொன்றைக் கடித்துக்
கண் நிறைய,
"இப்பிடித்தான் எரிஞ்சு அங்க" என்றேன்.

தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.
வண்டியை, ரொட்டியை, எதையும்
இனி நம்பமாட்டாள்
அந்த ஈரக் கையைத் தவிர.